புதிய சபைக்குத் துணைநிற்க நான்கு வழிகள்: உங்கள் சபைக்கு எது பொருந்தும்?

நூறாவது ஆண்டு, நூற்றைம்பதாவது ஆண்டு என்று ஆலயத்தில் விழா நெருங்கும்போது சேகரக் கமிட்டியில் (சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபை வட்டாரம்) ஒரு தீர்மானம் தவறாமல் வரும்: ஜூபிலி நினைவாக ஒரு புதிய சபையை உருவாக்குவோம். எல்லோரும் கை தூக்குவார்கள். சிக்கல் அடுத்த கூட்டத்தில்தான் ஆரம்பிக்கும். புறநகரில் ஒரு கிளைச் சபை தொடங்கலாம் என்பார் ஒருவர். வடமாநிலத்தில் ஒரு மிஷனரியைத் தாங்கலாம் என்பார் இன்னொருவர். கிராமத்தில் ஒரு ஆலயம் கட்டிக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்பார் பொருளாளர். வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒருவர் தனக்குத் தெரிந்த ஊழியர் ஒருவரின் பெயரைச் சொல்வார். அதோடு தேநீர் வந்துவிடும், தீர்மானம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

இப்படி நின்றுபோன கமிட்டிகளில் இருப்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. நான் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன் என்பதால் அந்த அமைப்பை வைத்தே எழுதுகிறேன். லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் பெயர்கள் மாறும், கணக்கு பெரிதாக மாறாது. போதகரே முடிவெடுக்கும் சுயாதீனச் சபைகளில் நான்காவது வழியான தனி ஊழியர் ஆதரவுதான் வழக்கம். அவர்கள் அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

## முதலில் நான்கு கேள்விகள்

யாருக்காக? ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்து வீடு மாறிப் போனவர்களுக்கா, இதுவரை ஆலயப் பக்கமே வராதவர்களுக்கா? தாம்பரத்துக்கு அப்பாலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் குடியேறிய திருநெல்வேலிக் குடும்பங்களுக்கு அருகில் ஓர் ஆலயம் வேண்டும் என்பது நியாயமான தேவை. ஆனால் அது மேய்ப்புப் பணி. ஆண்டறிக்கையில் அதைச் சுவிசேஷப் பணி என்று எழுதினால் அறிக்கை அழகாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டுமே நல்ல காரியம். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பணம் ஒதுக்குவதில்தான் வம்பு.

கையில் மிச்சம் இருப்பது எது? ஆளா, பணமா, குருவானவரின் நேரமா? அந்தியோகியா சபையின் தலைவர்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரம் ஐந்து பேரைச் சொல்கிறது: பர்னபா, சிமியோன், லூகி, மனாயீன், சவுல். அந்த ஐந்து பேரில் பர்னபாவையும் சவுலையும் அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியவர்களை அல்ல, இருப்பதிலேயே நல்லவர்களை. நம் கமிட்டிகள் பெரும்பாலும் ஆளைக் கையில் வைத்துக்கொண்டு பணத்தை அனுப்பவே விரும்பும். தவறில்லை. அப்படியென்றால் பணம் மட்டும் போதும் என்கிற வழியைத்தான் எடுக்க வேண்டும்.

முடிவெடுப்பது யார், சொத்து யார் பெயரில்? தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகள் பொதுவாக சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். நீங்கள் காணிக்கை எடுத்து வாங்கிய நிலமானாலும் உங்கள் சேகரம் தன்னிஷ்டத்துக்கு விற்கவோ மாற்றவோ முடியாது. சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இது பாதுகாப்பு என்றே படுகிறது. தனி ஆள் பெயரில் போன சொத்துகளின் கதை எல்லா ஊரிலும் உண்டு.

எப்போது நிறுத்துவோம்? யாரும் கேட்காத கேள்வி இது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷன் சங்கத்தின் செயலராக இருந்த ஹென்றி வென், ஒரு சபை தன் பணத்தில் நடக்க வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும் என்று மூன்று அளவுகோல்கள் வைத்தார். அந்த நிலை வந்ததும் மிஷன் அங்கிருந்து விலகிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தச் சங்கம் வேலை செய்த திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நாமே புதிய சபைகளைத் தொட்டிலிலேயே வைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறோம்.

## ஒரே பார்வையில்

| | கிளைச் சபை | மிஷனரியைத் தாங்குவது | ஆலயம் கட்டிக் கொடுப்பது | தனி ஊழியருக்கு ஆதரவு |
|---|---|---|---|---|
| யாருக்கு | இடம்பெயர்ந்த விசுவாசிகள், அவர்கள் அக்கம்பக்கம் | வேறு மொழி, வேறு மாநில மக்கள் | ஏற்கெனவே கூடிவரும் சிறு சபை | ஊழியர் வாழும் பகுதியினர் |
| முக்கியத் தேவை | ஆட்கள் | விடாத மாதப் பணம் | மொத்தமாக ஒரு தொகை | மாதப் பணமும் மேற்பார்வையும் |
| வெளியே தெரியாத செலவு | தாய்ச் சபையின் நல்ல ஆட்கள், குருவானவரின் ஞாயிறு | தூரம், வற்றிப்போகும் ஆர்வம் | அனுமதி, பராமரிப்பு | ஒரே ஆளை நம்பி நிற்பது |
| சொத்து | திருச்சபை பெயரில் | சங்கம், பிறகு உள்ளூர்த் திருச்சபை | நிலம் யார் பெயரிலோ அவருக்கு | பெரும்பாலும் ஊழியரின் டிரஸ்ட் |
| முடிவு | தனிச் சேகரமாகும்போது | சங்கம் ஒப்படைக்கும்போது | காகிதத்தில் பிரதிஷ்டை அன்று | நீங்கள் எழுதி வைத்த தேதியில் |

## வழி 1: சொந்தக் குடும்பங்களை அனுப்பிக் கிளைச் சபை

பெருநகரச் சபைகளுக்கு இயல்பாக வரும் வழி. லண்டனின் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயம் 1985இல் ஏறக்குறைய நூறு பேரைப் பக்கத்திலிருந்த செயின்ட் பர்னபாஸ் ஆலயத்துக்கு அனுப்பி இந்த வேலையைத் தொடங்கியது. நம்மூரில் நூறு பேரை ஒரே நாளில் அனுப்புகிற சபை அபூர்வம். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கிளம்பினாலே பெரிது.

பணம் இங்கே குறைவாகத்தான் ஆகும். ஒரு மிஷன் பள்ளியின் வகுப்பறையோ யாராவது ஒருவர் வீட்டு மாடியோ ஆரம்பத்துக்குப் போதும். போகிற குடும்பங்கள் கவர் காணிக்கையோடு போவதால் மாதச் செலவையும் ஓரளவு அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நான்கில் மலிவு இதுதான்.

ஆனால் போகிறவர் யார் என்று பாருங்கள். கீபோர்டு வாசிக்கும் பையன், ஓய்வுநாள் பாடசாலைத் தலைமை ஆசிரியை, கணக்கு எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். அவர்கள் போகாவிட்டால் அங்கே சபை நிற்காது. போனால் இங்கே இரண்டு வருடத்துக்கு ஓட்டை தெரியும். குரல் நன்றாக இருக்கும் ஆல்ட்டோ பாடகிகள் மூவரும் ஒரே அடுக்ககத்தில் குடியிருந்தால் கிறிஸ்துமஸ் கேரலின் கதி என்ன ஆகும் என்று பாடகர் குழுத் தலைவரைக் கேளுங்கள், சொல்வார்.

அடுத்தது திருவிருந்து, அதாவது நற்கருணை. சபை ஊழியர் ஆராதனை நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம். திருவிருந்து நடத்தக் குருப்பட்டம் பெற்றவர் வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறன்று தாய்ச் சபையில் ஆராதனை முடிந்து, வாசலில் கைகுலுக்கி, ஞானஸ்நானம் ஏதாவது இருந்தால் அதையும் முடித்து, பிறகு இருபது கிலோமீட்டர் போக்குவரத்தில் குருவானவர் போய்ச் சேரும்போது அங்கே பிள்ளைகள் தூங்கியிருக்கும். ஆகவே கிளைச் சபைத் திருவிருந்தை இரண்டாவது ஞாயிறு என்றோ சனிக்கிழமை மாலை என்றோ முதலிலேயே தீர்மானித்துவிடுவது நல்லது. உதவிக் குருவானவர் தருவதாகத் திருமண்டலம் (பேராயரின் நிர்வாகம்) வாய்மொழியாகச் சொன்னதை நம்பித் தேதி குறிக்க வேண்டாம். மாறுதல் பட்டியல் வரும்போது முதலில் போகிறவர் அவர்தான்.

இதைவிடப் பெரிய சங்கதி பதிவேடு. போகிற குடும்பங்கள் ஞாயிறுதோறும் அங்கே போவார்கள், ஆனால் பெயரைத் தாய்ச் சபையில்தான் வைத்திருப்பார்கள். காரணம் கேட்டால் பழைய பாசம் என்பார்கள். உண்மைக் காரணம் கல்லறைத் தோட்டம். புதிய சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. சென்னை போன்ற ஊரில் வாங்குவதும் நடக்கிற காரியம் இல்லை. அப்பா அம்மா அடக்கமாகியிருக்கும் இடத்தில் தனக்கும் இடம் வேண்டுமென்றால் சந்தா பாக்கியில்லாமல் பெயர் இருக்க வேண்டும். பெண்ணுக்குக் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) எந்த ஆலயத்தில் வாசிப்பது, மணமகன் வீட்டாரிடம் எந்த ஆலயத்தின் பெயரைச் சொல்வது என்பதும் இதோடு ஒட்டியது. சேகரத் தேர்தலில் ஓட்டும் அங்கேதான். விளைவு, ஞாயிறன்று நிறைந்திருக்கும் கிளைச் சபை, பதிவேட்டில் ஐந்து குடும்பமாக இருக்கும். தனிச் சேகரம் கேட்டு விண்ணப்பித்தால் அந்த ஐந்து குடும்பத்தைத்தான் திருமண்டலம் பார்க்கும்.

இதற்கு ஒரு தீர்வு உண்டு, செலவே இல்லாதது. கிளைச் சபைக்குப் பெயரை மாற்றும் குடும்பங்களுக்குத் தாய்ச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் முழு உரிமை தொடரும் என்று ஒரு தீர்மானம். ஒரு பத்தி எழுதினால் போதும். எதிர்ப்பு வரும், இடப்பற்றாக்குறை என்பார்கள். அந்தக் குடும்பங்கள் இங்கேயே இருந்தாலும் அதே இடம்தானே கேட்டிருப்பார்கள்?

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். ஒரே மாவட்டம், ஒரே சாதி, ஒருவருக்கொருவர் உறவு என்று போகும் பன்னிரண்டு குடும்பங்கள் கூடுகிற இடத்துக்கு அடுத்த தெருக்காரர் வந்து உட்கார மாட்டார். அவருக்கு அது ஊர்ச் சங்கக் கூட்டம் மாதிரித்தான் தெரியும். போகிற குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே, உறவில்லாத நான்கு குடும்பங்களாவது இருக்கட்டும்.

எப்போது இது சிறந்தது: தாய்ச் சபையில் உட்கார இடமில்லை, ஒரு குறிப்பிட்ட பகுதியில் உங்கள் குடும்பங்கள் ஏற்கெனவே கூட்டமாக இருக்கிறார்கள், குருவானவருக்கு உதவிக் குரு ஒருவர் உறுதி. மூன்றில் இரண்டு இருந்தால் தொடங்கலாம்.

## வழி 2: மிஷன் சங்கம் வழியாக மிஷனரியைத் தாங்குவது

தமிழ்ச் சபைகளுக்கு இதில் நூற்றாண்டு தாண்டிய பழக்கம். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. வெள்ளைக்காரர் பணமில்லாமல் ஒரு காரியமும் நடக்காது என்றிருந்த காலத்தில் அது சின்ன விஷயம் அல்ல. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைக்கும் பிடி அரிசிக் காணிக்கை திருநெல்வேலிப் பெண்களுக்குக் கைவந்த வழக்கம். அப்படிச் சேர்ந்த காணிக்கைகளில் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் போனார்கள். சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

இதில் கவனிக்க வேண்டியது பின்னால் நடந்தது. தோர்ணக்கல், திருநெல்வேலியின் தெலுங்குக் கிளையாக நின்றுவிடவில்லை. அது தனக்கென்று குருக்களையும் பேராயரையும் கொண்ட தெலுங்குத் திருச்சபையானது. பிடி அரிசி கொடுத்த பாட்டிமாருக்கு அங்கே எந்த ஓட்டும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

இந்த வழியில் உங்களுக்குத் தலைவலி குறைவு. ஆளைத் தேர்ந்தெடுப்பது, மொழி கற்பிப்பது, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. தெரியாத ஊரில் தெரியாத மொழியில் ஒரு சேகரம் தானாகப் போய் வேலை செய்ய முடியாது. சங்கத்துக்கு அது அன்றாட வேலை. நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு என்ற சங்கம் ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகளின் மால்டோ மக்களிடையே செய்த பணி இதற்கு ஓர் உதாரணம். மலேரியாவும் காலா அசார் காய்ச்சலும் பரவிய அந்த இடத்தில் மிஷனரிகளும் உயிரிழந்தார்கள். ஒரு சேகரக் கமிட்டியால் தாங்கக்கூடிய சுமை அல்ல அது.

குறைகளுக்கு வருவோம். முதல் வருடம் மிஷனரியின் குடும்பப் படம் ஆலய வராந்தாவில் தொங்கும். அவர் விடுமுறையில் வந்து பேசினால் கண்ணீரோடு காணிக்கை விழும். நான்காம் வருடம் படத்தில் வெயில்பட்டு நிறம் போயிருக்கும், பணம் மூன்று மாதம் பாக்கி இருக்கும், சங்கத்திலிருந்து பணிவாக ஒரு கடிதம் வரும். பாக்கி நின்றால் மிஷனரி வீட்டில் அடுப்பு அணைந்துவிடாது, சங்கம் எப்படியோ சமாளிக்கும். அந்த நிம்மதிதான் நம்மை மேலும் சோம்பேறியாக்குகிறது. மிஷனரியை வேறு பணித்தளத்துக்கு மாற்றினால், 'எங்கள் மிஷனரி' போய்விட்டார் என்று ஆதரவையே நிறுத்தும் சபைகளும் உண்டு. பணித்தளத்தைத் தாங்குகிறோமா, ஆளைத் தாங்குகிறோமா என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் இந்த மனவருத்தம் வராது. என் ஓட்டு பணித்தளத்துக்கு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒடிசாவில் 1967 முதல் மதமாற்றச் சட்டம் இருக்கிறது. மத்தியப் பிரதேசம், குஜராத், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களிலும் உண்டு. இங்கிருந்து போகும் வாலிபர் குழு துண்டுப் பிரசுரமும் போர்வையுமாக இரண்டு நாள் சுற்றிவிட்டு ரயிலேறிவிடும். காவல் நிலையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அங்கேயே குடியிருக்கும் விசுவாசி. பொருளைக் கொடுத்து ஆள் சேர்ப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். அப்படிச் சேருகிற கூட்டம் பொருள் நின்றதும் கலையும் என்பது அனுபவம். பணித்தளப் பயணம் போகத்தான் வேண்டுமென்றால் சங்கம் சொல்கிற மாதத்தில், சொல்கிற எண்ணிக்கையில், வெறுங்கையோடு போங்கள்.

எப்போது இது சிறந்தது: ஆட்களை அனுப்ப முடியாது, ஆனால் மாத வருமானம் உள்ள குடும்பங்கள் நிறைய. பலனை உங்கள் பெயரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை குறைவு. அப்புறம், ஒழுங்காகக் கணக்கு அனுப்பும் பொருளாளர் ஒருவர்.

## வழி 3: கிராமத்தில் ஆலயம் கட்டிக் கொடுப்பது

கமிட்டிகளுக்கு மிகவும் பிடித்த வழி. காரணம் எளிது. தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, படம் எடுக்கலாம். அஸ்திபாரக் கல், மேல்தளம், பிரதிஷ்டை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் காணிக்கை எடுக்கலாம். பிரதிஷ்டையன்று மூன்று வேன் போகும், பேராயர் வருவார், அசனம் என்ற சபை விருந்து நடக்கும். வாசலில் கறுப்பு கிரானைட்டில் பொன்னெழுத்துக் கல்வெட்டு. சில இடங்களில் அந்தக் கல்வெட்டில் இருக்கும் பெயர்கள் சபைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களைவிட அதிகம்.

கட்டடம் சபையை உருவாக்காது. தோர்ணக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அசரியா பேராயரானது 1912இல். இன்று பலரும் போய்ப் பார்க்கும் அந்தப் பேராலயம் பிரதிஷ்டையானது 1939இல். இடையிலிருந்த 27 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தது அந்தப் பேராலயம் இல்லாமலேதான். கட்டடம் கடைசியில் வந்தது, வந்தபோது அதை நிரப்ப ஆள் இருந்தது.

தமிழ்நாட்டில் வழிபாட்டுக்கான கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வருவாய்த் துறை, காவல் துறை அறிக்கைகளும் அக்கம்பக்கத்தார் ஆட்சேபணையும் அதில் பார்க்கப்படும். ஜூபிலிக்குள் முடித்துவிடலாம் என்று அவசரத்தில் 'சமுதாயக்கூடம்' என்று வரைபடம் போட்டுக் கட்டி, பிறகு மேலே சிலுவை வைக்கும் வேலை வேண்டாம். சீல் வைக்கப்பட்டால் வழக்கு நடத்துவது உங்கள் சேகரம் அல்ல, அந்த முப்பது பேர். நிலத்தின் பட்டாவையும் பாருங்கள். "எங்க தாத்தா கொடுத்த இடம்தான்" என்று ஒருவர் சொல்வதும் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதும் வேறு வேறு. தாத்தாவுக்கு ஆறு பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

கட்டி முடித்த பிறகு வரும் செலவு யார் கணக்கிலும் இருக்காது. மின்கட்டணம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு, மழையில் ஒழுகும் தளம், ஒலிபெருக்கி பழுது. நூறு நாள் வேலைக்குப் போகும் இருபது குடும்பங்களால் தாங்க முடியாத அளவில், நகரத்துச் சபை தன் ரசனைக்குக் கோபுரம் வைத்துக் கட்டிக் கொடுத்தால், பத்து வருடத்தில் மறுபடி உங்களிடம்தான் வருவார்கள். அப்போது கமிட்டியில் புது ஆட்கள் இருப்பார்கள். "ஏற்கெனவே ஒருமுறை செய்தாயிற்றே" என்பார்கள்.

எப்போது இது சிறந்தது: அங்கே சபை ஏற்கெனவே இருக்க வேண்டும்; கூடும் இடம் பறிபோகிறது அல்லது போதவில்லை; நிலம் திருச்சபை பெயரில் பதிவாகிவிட்டது; உள்ளூர்க்காரர்கள் தங்கள் பங்காகச் செங்கல்லோ உழைப்போ ஏதோ ஒன்றை முன்கூட்டியே கொடுத்திருக்கிறார்கள். இந்த நான்கும் இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். அளவை அவர்கள் சொல்லட்டும்.

## வழி 4: தனி ஊழியருக்கு நேரடி ஆதரவு

ஓர் ஊழியர், ஒரு புறநகர்ப் பகுதி, மாதம் ஒரு தொகை. வேகமாகத் தொடங்கக்கூடிய வழி இதுதான். அவர் அங்கேயே வாழ்கிறார், மொழியும் தெருவும் அவருக்குப் பழக்கம். திருமண்டல அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். நல்ல ஊழியர் அமைந்தால் மூன்று வருடத்தில் ஒரு சபை கண்ணெதிரே எழும்பும்.

அமையாவிட்டால்? எல்லாம் ஒரே ஆளின் பெயரில் இருக்கும்: டிரஸ்ட், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம். அவருக்கு உடம்பு முடியாமல் போனாலும் அதே கதைதான், மனம் மாறிப்போனாலும் அதே கதைதான். இன்னும் இரண்டு சபைகள் இதே ஊழியரை இதே வேலைக்காகத் தாங்கிக்கொண்டிருக்கலாம். கேட்டால்தான் தெரியும், கேட்பதற்குக் கூச்சப்படுவோம். கேளுங்கள். வேறு யார் தாங்குகிறார்கள் என்று எழுதி வாங்குவது அவமரியாதை அல்ல. நேர்மையான ஊழியர் முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிடுவார்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் திருமணம் நடத்திவைக்க முடியாது. பேராயரிடம் முறைப்படி குருப்பட்டம் பெற்றவர்களும், சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர்களும், அரசு நியமித்த திருமணப் பதிவாளர்களும் நடத்தலாம். புதிய சபையில் முதல் கல்யாணம் வரும்போதுதான் இது வெளியே வரும், அதுவும் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும் நேரத்தில்.

ஆதரவைக் குறைத்துக்கொண்டே போவது இங்கே மிக அவசியம். சீனாவில் மிஷனரியாக இருந்து 1890இல் கொரியாவுக்குப் போன ஜான் நீவியஸ், வெளிப் பணத்தில் உள்ளூர் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்காதீர்கள், விசுவாசிகளே தங்கள் தலைவரைத் தாங்கட்டும் என்று அங்கிருந்த மிஷனரிகளுக்குச் சொன்னார். கொரியச் சபைகள் அதைப் பெரிய அளவில் பின்பற்றின. அவ்வளவு கறாராக நாம் இருக்க வேண்டியதில்லை. முதல் வருடம் முழுத் தொகை, அடுத்த வருடம் முக்கால், பிறகு பாதி, பிறகு கால், ஐந்தாம் வருடம் இல்லை என்று போகலாம். குறைகிற பங்கை உள்ளூர்ச் சபை ஏற்க வேண்டும். இரண்டாம் வருடத்திலும் உள்ளூர்க் காணிக்கை என்று எதுவுமே இல்லையென்றால், அங்கே கூட்டம் இருக்கிறது, சபை இன்னும் உருவாகவில்லை.

எப்போது இது சிறந்தது: ஊழியரைப் பல வருடமாக உங்களுக்கே தெரியும், மேற்பார்வைக்குச் சபையில் இரண்டு பேர் மாதம் ஒருமுறை நேரில் போய்வரத் தயார். நேரில் போக ஆள் இல்லையென்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

## எல்லா வழிக்கும் பொதுவான இரண்டு சட்டச் சிக்கல்கள்

ஜூபிலி என்றதும் வெளிநாட்டில் இருக்கும் பழைய அங்கத்தினர்கள் நினைவுக்கு வருவார்கள். துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அவர் அண்ணன் அனுப்பினால் ஆகும். இருவரும் ஒரே ஆலயத்தில் திடப்படுத்தல் எடுத்தவர்கள் என்பது சட்டத்துக்குப் பொருட்டல்ல. அண்ணன் பணத்தை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும், அது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றவும் முடியாது. எனவே உங்கள் வழியாக வாங்கி மிஷன் சங்கத்துக்குக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையே வேண்டாம். அண்ணன் நேராகச் சங்கத்துக்கே அனுப்பட்டும், சங்கத்துக்கு அந்தப் பதிவு இருந்தால்.

இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டது அல்ல. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுவார். பிள்ளைகளின் கல்விச் சலுகையிலிருந்து வேலைவாய்ப்பு வரை பாதிக்கும் விஷயம். புதிய சபையின் செலவுகளிலேயே பெரியது இதுதான், நம் வரவு செலவுப் பட்டியலில் வராது. ஞானஸ்நானத்துக்கு முன்பே இதை அவர்களிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லாத தாய்ச் சபை எவ்வளவு காணிக்கை கொடுத்தாலும் நேர்மையாக நடந்துகொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

## சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

முந்நூறு குடும்பங்களுக்கு மேல் இருக்கும் நகரச் சபை, அதில் ஒரு பகுதி ஒரே திசையில் குடிபெயர்ந்திருக்கிறது என்றால் வழி 1. கல்லறைத் தீர்மானத்தை முதலில் நிறைவேற்றுங்கள், இடம் பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஓய்வூதியக்காரர்கள் அதிகம், வாலிபர்கள் சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள் என்கிற தென்மாவட்டத்துக் கிராமச் சபைக்கு வழி 2. ஆளே இல்லாத இடத்திலிருந்து ஆளை அனுப்ப முடியாது. ஓய்வூதியம் மாதம் தவறாமல் வரும், மிஷனரிக்கும் அதுதானே வேண்டும்.

கையில் ஒரே ஒரு பெரிய நன்கொடை, கொடுத்தவர் கட்டடம்தான் வேண்டும் என்கிறார் என்றால் வழி 3. முடிந்தால் அந்தத் தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்காக வைப்பு நிதியாகப் போட அவரைச் சம்மதிக்க வையுங்கள். கல்வெட்டில் அவர் பெயர் கொஞ்சம் பெரிதாக இருந்தால் சம்மதிப்பார்.

வழி 4ஐ ஒரே வழியாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே 1இலோ 2இலோ பழகிய சபை, கூடுதலாகச் செய்யலாம்.

இன்னும் தயக்கம் என்றால் உங்கள் ஆலயத்திலேயே மாலையில் இரண்டாவது ஆராதனை தொடங்கிப் பாருங்கள். அதை நடத்த ஒரு தனி அணி, தனிப் பாடகர் குழு, தனிக் காணிக்கைக் கணக்கு. ஒரு வருடம் ஓடினால் அந்த அணி வேறிடத்துக்குப் போகவும் தயாராகிவிடும். ஓடாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை.

எதை எடுத்தாலும் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது தொகை, காலம், குறைப்பு விகிதம், சொத்து யார் பெயரில், மேற்பார்வை செய்யும் இருவர் யார், ஆதரவு முடியும் தேதி என்ன என்பது வரை எழுதிவிடுங்கள். குருவானவருக்கு எப்போது வேண்டுமானாலும் மாறுதல் வரும், கமிட்டியும் தேர்தலில் மாறும். தீர்மானத்தின் ஒரு பிரதி திருமண்டல அலுவலகத்திலும், ஒரு பிரதி புதிய சபையின் கையிலும் இருக்கட்டும்.